லோடு ஏற்றினால் படுத்துக்கொள்ளும் கார்டு!

நாமக்கல் பக்கம் பழைய லாரி வாங்க வருகிறவரைக் கவனித்துப் பாருங்கள். வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வருவார். டயரை ஒரு உதை உதைப்பார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பாடுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார். எல்லாம் முடிந்த பிறகும் சட்டைப் பையிலிருக்கும் அட்வான்ஸைத் தொடமாட்டார். "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு லோடு ஏத்தித் தொப்பூர் மேடு ஏறிப் பாத்துப்போட்டு அப்பறம் பேசிக்கலாமுங்க" என்பார்.

அனுபவஸ்தர்! காலி லாரி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். கிளட்ச் வழுக்குவதும், ரேடியேட்டர் கொதிப்பதும், டீசல் பம்ப் திணறுவதும் மூட்டையை ஏற்றிய பிறகுதான் தெரியும்.

இதே மனிதரின் பையன், திருச்செங்கோட்டில் இன்ஜினீயரிங் படிப்பவன், செகண்ட் ஹேண்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா! விசிறி ரெண்டும் சுத்துதுப்பா. லைட்டுகூட எரியுதுப்பா!" அவ்வளவுதான் டெஸ்ட். பணம் கை மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்து மாட்டுகிறான். கம்ப்யூட்டர் ஜோராக எழுந்திருக்கிறது. சினிமா ஓடுகிறது. தைரியம் வந்து ஒரு பெரிய கேமைப் போடுகிறான். பத்தாவது நிமிடம்... டப்! திரை கறுப்பு.

"கேம்தானே? விட்டால் படிக்கிற வேலையாவது நடக்கும்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டூடியோக்காரரிடம் அப்படிச் சொல்ல முடியாது. புதிய கார்டு வாங்க வசதி இல்லாமல், கடன் வாங்கிப் பழைய கார்டு போட்டிருப்பார். வைகாசி முகூர்த்தம் நெருக்கியடிக்கும். ராத்திரி முழுக்க ஓடி, 93 சதவீதம் முடிந்த வீடியோ விடியற்காலை நாலு மணிக்கு அப்படியே நின்று போகும். காலையில் பெண்ணின் மாமா போன் பண்ணுவார். "என்ன தம்பி, பாப்பா ஊருக்குக் கெளம்புது, வீடியோ எங்கே?" அவருக்கு என்ன பதில் சொல்வது?

அந்த நேரத்தில் எல்லோர் வாயிலும் வருகிற முதல் வார்த்தை, "வித்தவன் ஏமாத்திட்டான்!"

இருக்கலாம். ஆனால் பல சமயங்களில் கார்டு நிரபராதி. அதை மாட்டிய இடத்தில்தான் குற்றவாளி உட்கார்ந்திருப்பான். தூக்குத் தண்டனைக்கு முன்னால் ஒரு விசாரணை வேண்டாமா?

3,584 குமாஸ்தாக்கள்!

நான் படித்தது பி.காம். எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் ப்ராசஸர் ஒரு சீனியர் ஆடிட்டர். எவ்வளவு சிக்கலான கணக்கையும் ஒவ்வொன்றாக முடிப்பார். கிராபிக்ஸ் கார்டு ஒரு பெரிய ஹால். அதில் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள். ஒவ்வொருவரும் சின்னக் கணக்குத்தான் போடுவார், ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். என்விடியா கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 3060 என்கிற நடுத்தரக் கார்டில் இப்படி 3,584 பேர்.

வெறும் டெஸ்க்டாப் திரை தெரியும்போது இவர்களில் பெரும்பாலோர் தூங்குகிறார்கள். கார்டு இருபது வாட்டுக்குள் காலத்தை ஓட்டும். கேமோ, வீடியோ ரெண்டரோ ஆரம்பித்தால் எல்லோரும் எழுந்து ஒரே நேரத்தில் டீ கேட்பார்கள்! அதே கார்டு 170 வாட் இழுக்கும். சில மில்லிசெகண்டுகளுக்கு அதையும் தாண்டித் துள்ளும்.

இதைத்தான் லோடு என்கிறோம். அந்த லோடைச் சுமப்பவர்கள் நாலு பேர்: கரண்ட் கொடுக்கிறவர், சூட்டை வெளியேற்றுகிறவர், கார்டிலுள்ள மெமரியும் சிப்பும், இவர்களை எல்லாம் வேலை வாங்குகிற சாஃப்ட்வேர். நாலில் யார் கால் மடங்கினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான். திரை கறுப்பு!

ஒன்பதால் வகுபடுகிறதா?

ட்ரையல் பேலன்ஸ் இடித்தால் பழைய கணக்குப்பிள்ளைகள் மொத்த லெட்ஜரையும் புரட்டமாட்டார்கள். முதலில் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். அது ஒன்பதால் வகுபட்டால், எங்கோ 45-ஐ 54 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு. இரண்டால் வகுத்து வருகிற தொகை புத்தகத்தில் எங்காவது இருந்தால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்க வாய்ப்பு. தப்பு எந்த ஜாதித் தப்பு என்பதைத் தப்பே சொல்லிவிடும்.

கார்டும் அப்படித்தான். எப்படி நிற்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கேமோ ரெண்டரோ ஆரம்பித்து எத்தனையாவது நிமிடம், திரையில் என்ன தெரிந்தது, விசிறிச் சத்தம் எப்படி... எல்லாம்.

மெஷின் மொத்தமாக அணைந்தாலோ, எந்த மெசேஜும் இல்லாமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆனாலோ, முதல் சந்தேகம் கரண்ட் மேல்.

முதல் சில நிமிடம் நன்றாக ஓடி, விசிறி ஜெட் விமானம் மாதிரி அலறி, படம் இழுத்து இழுத்து வந்து, பிறகு நின்றால் சூடு.

திரையில் கலர் கலராகச் சதுரங்கள், கோடுகள், புள்ளிக்கோலம் தெரிந்தால் கார்டின் மெமரி அல்லது சிப்.

திரை ஒரு நிமிஷம் கறுத்து, திரும்ப வந்து, டிரைவர் நின்று மீண்டது என்று விண்டோஸ் சொன்னால், அது கொஞ்சம் ரெண்டும்கெட்டான் கேஸ். கார்டிடமிருந்து 2 செகண்டுக்குப் பதில் வராவிட்டால் விண்டோஸே அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும். சாஃப்ட்வேர் காரணமாக இருக்கலாம், கார்டின் வேகம் தாங்காமலும் இருக்கலாம்.

ஒரே ஒரு கேமில் மட்டும் நின்று மற்றதெல்லாம் ஓடினால், முதலில் அந்தக் கேமைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸில் ஈவண்ட் வியூவர் என்று ஒரு டைரி உண்டு. கெர்னல்-பவர் 41 என்று அதில் எழுதியிருந்தால் உடனே "எஸ்.எம்.பி.எஸ். அவுட்" என்று தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். 'மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை' என்பதுதான் அதன் அர்த்தம். பிணம் கிடக்கிறது என்கிற தகவல்தான் அதில் இருக்கும். கொலைகாரன் பெயர் இருக்காது.

கரண்ட் கணக்கு

கேபினட்டோடு இலவச இணைப்பாக வருகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால், 12 பெருக்கல் 18... 216 வாட். கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சோறு போடுவது முக்கியமாக இந்த 12 வோல்ட்தான்.

ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580 கார்டு சாப்பிடுவது 185 வாட். ப்ராசஸர் 65 என்று வையுங்கள். மொத்தம் 250. வரவு 216, செலவு 250. எந்தக் குடும்பம் தாங்கும்? சும்மா இருக்கும்போது தெரியாது. லோடு ஏறினதும் மானம் போகும்.

அடுத்து யு.பி.எஸ். வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்தான் தாங்கும். பழைய பாட்டரி என்றால் அதையும் நம்ப முடியாது. யு.பி.எஸ்.ஸைத் தாண்டி நேராகச் சுவர் பிளக்கில் செருகி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் ஆள் சிக்கிவிட்டான். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் உங்கள் வீட்டு பல்பு மங்குகிறதா? வயரிங்கையும் எர்த்தையும் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

மூன்றாவது வயர்கள். கார்டு, மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். ஆறு பின் வயர் இன்னொரு 75, எட்டு பின் வயர் 150. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த வயர் இல்லாவிட்டால் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் வயரில் ஒட்டுப்போட்டு ஒரு கன்வெர்ட்டர் கொடுப்பார். அந்த சாட்டா பின்கள் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அதில் 150 வாட் ஓட்டினால் உருகும். தீப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை. கார்டில் இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டு தனி வயர் போடுங்கள். ஒரே வயரின் இரட்டைவால் வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் கரண்ட் மிச்சமிருக்கும்.

பஞ்சு, தவிடு, சித்திரை வெயில்

பள்ளிபாளையம், குமாரபாளையம், எலம்பிள்ளை என்று தறி ஓடுகிற ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு விசேஷச் சலுகை உண்டு. காற்றிலேயே பஞ்சு! கார்டின் விசிறி அதை விசுவாசமாக உறிஞ்சி, ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே மெத்தை தைத்து வைத்துவிடும். கோழிப்பண்ணை பக்கம் என்றால் தீவனத் தூசியும் இறகும். பார்க்க விசிறி சுற்றும். காற்று மட்டும் போகாது.

இதோடு நம்மூர் வெயில். ஏ.ஸி. அறையில் 25 டிகிரியில் டெஸ்ட் செய்த கார்டை, சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் ஓட்டினால், அந்த 15 டிகிரியும் கார்டின் தலையில்தான் ஏறும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத டெஸ்ட் ஒன்று உண்டு. கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றுங்கள். ஒரு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வையுங்கள். அதே கேம், அதே லோடு. இப்போது நிற்காமல் ஓடினால், கார்டு கேட்டது காற்றுதான்.

ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ, ஜி.பி.யு.-இசட் என்ற இலவச சாஃப்ட்வேர்கள் டிகிரியைக் காட்டும். சிப்பின் பொதுச் சூடு 80, 83 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஹாட் ஸ்பாட், மெமரி என்று தனி வரிகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். மேலே 75 காட்டி, ஹாட் ஸ்பாட் 105-ஐத் தாண்டினால், உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்து சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் தொடர்பு விட்டிருக்கிறது. புதிய பேஸ்ட் தடவ வேண்டும்.

சுத்தம் செய்யும்போது கார்டை வெளியே எடுத்து, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். கண்டபடி ஊதி விசிறியைச் சுழற்றினால் அதன் பேரிங் கெடும். பேஸ்ட் மாற்றுகிறவர் மெமரி மேலிருக்கும் ரப்பர் போன்ற பட்டைகளையும் மாற்றுவதாக இருந்தால், பழைய கனத்திலேயே புதியது போடச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் மெலிந்தாலும் மெமரிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் இடைவெளி. கொஞ்சம் தடித்தாலோ சிப் மேல் ஹீட் சிங்க் உட்காராது.

டிரைவரை மாற்றிப் பாருங்கள்

பதறவேண்டாம். லாரி டிரைவரைச் சொல்லவில்லை. கார்டை ஓட்டுகிற சாஃப்ட்வேருக்கும் அதே பெயர்தான். பழைய கார்டின் டிரைவர் மேலேயே புதியதைப் போட்டால், ஒரே ஸ்டீயரிங்கை இரண்டு பேர் பிடித்த கதை. பழையதைச் சுத்தமாக நீக்குவதற்கென்றே டி.டி.யு. என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அதாவது கிளீனர்! சேஃப் மோடில் அதை ஓட்டி, பிறகு கம்பெனியின் டிரைவரைப் புதிதாகப் போடுங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2020 செப்டம்பர் 17-ல் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3080 விற்பனைக்கு வந்தது. உலகம் பூராவும் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். புத்தம் புதுக் கார்டு, லோடு ஏறி வேகம் உச்சத்துக்குப் போனதும் கேமை விட்டு வெளியே தள்ளியது. கார்டின் முதுகிலிருக்கும் கபாசிட்டர்கள் மட்டம் என்று ஊரே பேசியது. செப்டம்பர் 28-ல் என்விடியா 456.55 என்ற புதிய டிரைவரை வெளியிட்டது. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகாமலே பலருக்குக் கோளாறு நின்றது.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2021 ஜூலையில் அமேசானின் 'நியூ வேர்ல்ட்' என்ற கேமை வெள்ளோட்டம் விட்டார்கள். விளையாடியவர்களில் சிலருடைய விலையுயர்ந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் செத்தே போயின. எல்லோரும் கேமைத் திட்டினார்கள். ஈ.வி.ஜி.ஏ. என்ற கார்டு கம்பெனி திரும்பி வந்தவற்றைப் பரிசோதித்து அதே செப்டம்பரில் உண்மையைச் சொன்னது. ஒரு சிறு தொகுதிக் கார்டுகளில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகங்களைச் சுற்றி சால்டரிங் சரியில்லை. ஏற்கெனவே இருந்த பலவீனத்தைக் கேம் வெளியே கொண்டுவந்துவிட்டது.

ஒரு கேஸில் கார்டைத் திட்டினார்கள், மருந்து சாஃப்ட்வேரில் இருந்தது. இன்னொன்றில் சாஃப்ட்வேரைத் திட்டினார்கள், நோய் கார்டில் இருந்தது. ஆகவே...

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்!

பட்டறையில் நல்ல மெக்கானிக் ஒரே நாளில் பம்ப், ஃபில்டர், நாசில் எல்லாவற்றையும் மாற்றமாட்டார். மாற்றினால் வண்டி ஓடும், எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது, பில் மட்டும் தெரியும். கார்டிலும் ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதி, பிறகு அடுத்தது.

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரில் கார்டின் லோடைக் குறைக்க முடியும். பவர் லிமிட் என்பதை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். இப்போது நிற்காமல் ஓடினால் கரண்ட், சூடு இரண்டில் ஒன்று. பயனில்லை என்றால் அதைத் திரும்ப 100-க்கு ஏற்றிவிட்டு, சிப் வேகத்தை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். அதுவும் இல்லையென்றால், மெமரி வேகத்தை மட்டும். எதைக் குறைத்ததும் நோய் நின்றதோ, அங்கேதான் வலி.

கம்ப்யூட்டரின் சொந்த ராமை மறந்துவிடாதீர்கள். அதில் கோளாறு இருந்தாலும் பழி கார்டு மேல்தான் விழும். மெம்டெஸ்ட் 86 என்பதை ஒரு ராத்திரி ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். இருக்கும் நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் கார்டை மாட்டுங்கள். அதே அளவு கரண்ட் குடிக்கிற நண்பரின் கார்டை உங்கள் மெஷினில் மாட்டுங்கள். அங்கேயும் நின்றால் கார்டு குற்றவாளி. அங்கே ஜோராக ஓடி, உங்கள் வீட்டில் நண்பரின் கார்டும் படுத்துக்கொண்டால்... விற்றவருக்கு போன் போட்டுத் திட்டியிருந்தால், இன்னொரு போன் போட வேண்டியிருக்கும்.

அடுப்பில் வைக்காதீர்!

கார்டுதான் குற்றவாளி என்று தெரிந்ததும் யாராவது ஒருத்தர் சொல்வார்: "ஓவன்ல பத்து நிமிஷம் வெச்சு எடுங்க. சால்டர் உருகி ஒட்டிக்கும்."

தயவுசெய்து வேண்டாம். 2006-க்குப் பிறகு பெரும்பாலான எலெக்ட்ரானிக் சாமான்களில் ஈயம் இல்லாத சால்டர்தான். பரவலாகப் பயன்படும் கலவை உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். ஓவனில் 200 டிகிரி வைத்தால் சால்டர் உருகாது, பிளாஸ்டிக் உருகும். கிளம்புகிற புகை கேக் வேகிற இடத்தில் படியும். சில கார்டுகள் அதன்பின் சில நாள் பிழைக்கும் என்பது உண்மைதான். அது அணையப் போகிற விளக்கின் பிரகாசம்.

பல சமயம் விரிசல் இருப்பது போர்டின் சால்டரில்கூட இல்லை, சிப்பின் வயிற்றுக்குள். 2008 ஜூலையில் என்விடியாவே லேப்டாப் சிப்கள் சிலவற்றில் பேக்கேஜிங் பலவீனம் என்று ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360-ன் சிவப்பு விளக்குக் கோளாறுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியது 100 கோடி டாலருக்கும் மேல். சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, சிப்புக்குள்ளே இணைப்புகள் விட்டுப்போனதுதான் காரணம் என்று 2021-ல் வந்த ஆவணப்படத்தில் அந்தக் கம்பெனிக்காரர்களே சொன்னார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிகள் கோடிகளைக் கொட்டிய வியாதியை நம் வீட்டு அடுப்பா தீர்க்கும்?

மைனிங் கார்டு பாவமா?

பழைய கார்டு மார்க்கெட்டுக்கு ஒரு பெருவெள்ளம் வந்த தேதி 2022 செப்டம்பர் 15. அதுவரை எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் 'தோண்ட' உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்டுகள் ராப்பகலாக ஓடின. அன்றைக்கு எத்தீரியம் தன் முறையை மாற்றியது. அதற்குக் கார்டே வேண்டாம் என்றாகிவிட்டது. வேலை போன கார்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக நம்மூர் வரைக்கும் வந்து சேர்ந்தன.

'மைனிங் கார்டா? ஐயையோ!' என்று அலறவும் வேண்டாம், 'ஒண்ணும் ஆகாது' என்று மயங்கவும் வேண்டாம். லாங் ரூட் லாரியையும் டவுனுக்குள் நின்று நின்று ஓடும் லாரியையும் நினைத்துப் பாருங்கள். ஒரே சீராக ஓடிய சிப், சூடேறி ஆறி அவதிப்படுவது குறைவு. தேய்ந்திருப்பது விசிறியும் பேஸ்ட்டும் மெமரிப் பட்டைகளும். அவற்றை மாற்ற முடியும். ஆனால் ஒரு விஷயம். அதிகம் தோண்டுவதற்காகச் சிலர் கார்டின் பயாஸையே மாற்றி மெமரியை விரட்டியிருப்பார்கள். ஆர்.எக்ஸ். 570, 580-களில் இது சகஜம். அதோடு கேம் போட்டால் கோலம் தெரியும். சில கார்டுகளில் பயாஸ் மாற்றும் சின்ன ஸ்விட்ச் உண்டு. தள்ளிப் பாருங்கள்.

வாங்குமுன் அரைமணி

எல்லாவற்றையும்விட நல்லது, விற்பவர் எதிரிலேயே லோடு ஏற்றிப் பார்ப்பது. முதலில் ஜி.பி.யு.-இசட்டில் பெயரும் குமாஸ்தா கணக்கும் சரியா என்று பாருங்கள். ஆர்.எக்ஸ். 580 என்றால் 2,304 பேர் இருக்க வேண்டும். 2,048 பேர் மட்டும் உள்ள தம்பி மாடலும் அதே பெயரில் உலவுகிறது.

பிறகு ஃபர்மார்க் கால் மணி நேரம். அது ஒரே மேட்டை ஒரே கியரில் ஏறுகிற மாதிரி. சூடும் கரண்ட்டும் தெரியும். ஆனால் அதில் பாஸ் ஆனவுடன் பணத்தை நீட்டாதீர்கள். ஃபர்மார்க்கில் பவர் லிமிட் இடித்துக்கொண்டே இருப்பதால் சிப் தன் முழு வேகத்துக்குப் போகாது. கேம் என்பது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு ஆக்ஸிலரேட்டர், பிரேக்! அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பல கார்டுகள் விழும். ஆகவே ஒரு பெரிய கேமையும் கால் மணி ஓட்டுங்கள். ஓ.சி.சி.டி. என்ற சாஃப்ட்வேரில் மெமரிச் சோதனை இருக்கிறது. ஒரு தப்புகூட வரக்கூடாது.

"நேரமில்லைங்ணா, கரண்ட் இல்லைங்ணா" என்று விற்பவர் நழுவினால், நீங்களும் நழுவிவிடுங்கள்.

அரை லோடு ஆசாமி

விசாரணை எல்லாம் முடிந்து, கார்டுக்கே நோய் என்று தீர்ந்தால்? குப்பைக்கு அனுப்புமுன் ஒரு யோசனை. வேகத்தையும் பவரையும் குறைத்தால் ஒழுங்காக ஓடுகிறதா? பத்து, பதினைந்து சதவீத வேகம் போனால் போகட்டும். ரெண்டர் ஒரு மணிக்குப் பதில் ஒன்றேகால் மணி ஆகும். ஆனால் 93 சதவீதத்தில் நிற்காது. மலை ஏற முடியாத லாரி ஊருக்குள் செங்கல் அடித்துச் சம்பாதிப்பதில்லையா?

எதுவுமே முடியாமல் அதை விற்கத்தான் போகிறீர்கள் என்றால், வருமான வரிக் கணக்கு கம்ப்யூட்டருக்கு வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் தருகிறது என்பதை நினைவு வைத்து விலை சொல்லுங்கள். நூறு ரூபாய்ச் சாமான் மூன்று வருடத்தில் 21 ரூபாய் 60 காசு. அதோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எத்தனையாவது நிமிடம் நிற்கிறது, எதைக் குறைத்தால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதி வைத்த அதே நோட்டு. வாங்குகிறவன் சிப்பையும் கபாசிட்டரையும் வேறு கார்டுக்குக் கழற்றிக்கொள்கிற ரிப்பேர்க்காரனாக இருந்தால் சந்தோஷமாக வாங்கிப் போவான்.

கல்லூரிப் பையனாக இருந்தால், "லோடு ஏத்துனா நின்னுக்குங் கண்ணு, தெரிஞ்சு வாங்கிக்க" என்று ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கள். அவன் அப்பாவும் எங்கோ மேட்டில் லோடு ஏற்றிக்கொண்டுதான் இருப்பார்.